நாலு ஜீப்பும் ஒரு நெயில் பாலிஷும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் கேவலமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு வகுத்தல். வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருக்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை படி வேகிறது, வகுத்தால் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரிந்துவிடும். இதே கணக்கை ராணுவத்துக்கும் போடலாம் என்று நம்பியவன் நான். கண் காணாத தேசத்தில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அதில் ஒருவனிடம் இத்தனை டாங்கி இருக்கிறது, மாதத்துக்கு இத்தனை எரிகிறது. வகு. விடை வருகிற மாதத்தில் சண்டை முடியும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் நான் தினமும் உட்காரும் டீக்கடை ஒன்று உண்டு. அங்கே போண்டா, வடை விலை எழுதிப்போடும் கரும்பலகையின் மூலையில், 'பொங்கலுக்குள் சண்டை முடியும்' என்று சாக்பீஸால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். பொங்கல் வந்தது. கரும்பு தின்றோம். சண்டை முடியவில்லை. டீக்கடைக்காரர் வடை விலையை நாலு முறை அழித்து எழுதினாரே தவிர என் எழுத்தைத் தொடவில்லை. "எந்தப் பொங்கல்னு போடல பாரு, அங்கதான் வெவரமா கீறான்" என்று வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த பொங்கலும் வந்து போனது.

எனக்குப் போர் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்டால், நானும் நாலு வண்டிக்குச் சொந்தக்காரன். நாலும் கிழட்டு ஜீப். பச்சை, வெள்ளை, நீலம், மேலே கூரை இல்லாத ஒரு மொட்டை. கல்வராயன் மலைக்கு பஸ் உண்டு. ஆனால் பஸ் போகாத தடங்களில் இருக்கிற ஊர்களுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போவதும், அங்கிருந்து சாமை, புளி, மரவள்ளி மூட்டைகளை இறக்கிக்கொண்டு வருவதும் இந்த மாதிரி ஜீப்புகள்தான். இவற்றுக்குப் புது உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார், ஜீப்பைவிட என் வயதைத்தான் கணக்குப் போடுகிறார் என்று தோன்றும்.

இந்த நாலையும் ஓடவைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு மெக்கானிக். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். செத்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து உயிர் கொடுப்பதுதான் அங்கே அவருடைய வேலையாம். ஊர் திரும்பி, டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புங்கமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். ராணுவத்துக்காரர் என்றதும் நான் நிறைய எதிர்பார்த்தேன். மீசை இருந்தது. கதை இல்லை. ஒரு கேள்விக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பதில் வாங்க முடியாது.

ஒருநாள் மட்டும் பேசினார். டீக்கடையில் நான் போனை நீட்டி, "நேத்து ஒரு நாள்ல மட்டும் எத்தினி டாங்கி போச்சு பாருண்ணே" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "போச்சுன்னா? எரிஞ்சி போச்சா, நின்னு போச்சா?"

"போச்சுன்னா போச்சுதான். அதுல இன்னா ரெண்டு ரகம்?"

"போன மாசம் உன் பச்ச ஜீப்பு வளைவுல நின்னுச்சே, எனக்குப் போன் போட்டு இன்னா சொன்ன?"

"வண்டி போச்சுண்ணேன்னு சொன்னேன்."

"இப்ப எங்க அது?"

"மலைக்குப் போச்சு."

"அவ்ளோதான்" என்று டீயை உறிஞ்சினார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அப்புறம் அவரே தொடர்ந்தார். "சேத்துல மாட்னது, செயின் அறுந்தது, ஓட்றவன் உட்டுட்டு ஓடிப் போனது, எல்லாத்தையும் போட்டோ புடிச்சி எரிஞ்சதோட சேத்து எழுதிக்கிறான். ஒரே வண்டிய நாலு பக்கமும் புடிச்சா நாலு வண்டி. வண்டிய உட்டவன் ராவோட ராவா வந்து இழுத்துக்கினு போய்டுவான். ரெண்டு நாள்ல அது திரும்பி வந்து நிக்கும்."

"அப்ப எவ்ளோ நாளு தாங்குவாங்க?"

"இழுத்துக்கினு வர்றதுக்கு ஆளும், கழட்டி மாட்றதுக்குக் கையும் இருக்கிற மட்டும். நாலு ஒடைஞ்சா மூணு தேத்தலாம், நாலாவதுல இருந்து உருவித்தான். புதுசு செஞ்சி அனுப்புறது ஒரு பக்கம். போன தலைமுறையில மூலையில போட்டு வெச்சத தூசி தட்டி அனுப்புறது ஒரு பக்கம். சரக்கு மட்டமாய்க்கினே வரும். ஆனா இன்னையோட தீந்துச்சுன்னு ஒரு நாளும் மணியடிக்காது. உன் வகுத்தல்ல அதெல்லாம் வராது."

இவ்வளவு நியாயமாகப் பேசிய மனிதர் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். கடை முழுக்கச் சிரிக்கும்போது சிரிப்புக்குக் காரணம் நானாக இருப்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அதை நானே செய்துகொள்ள வேண்டும். இன்னொருவர் செய்தால் ஆகாது. 'நாலாவதில் இருந்து உருவித்தான்' என்று அவர் சொன்னது என் மனதில் ஒரு மாதிரி உட்கார்ந்துகொண்டது. உருவுகிற ஆள், எதை உருவுவார், எங்கே கொண்டுபோவார்?

ஆவணி கடைசியில் நீல ஜீப்பின் அடிச்சட்டம் விரிசல் விட்டு, பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மலையில் சாமை அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மண் தடம் சேறும் உளையுமாகிவிடும், மூட்டை மேலேயே கிடந்து முளைவிடும்.

"மிச்சம் மூணும் ஒரு நாளு கூட நிக்கக் கூடாதுண்ணே" என்றேன்.

"எப்படி ஓட்டினாலும் செரியா?"

"எப்படினாலும் செரி. ஓடணும்."

தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அன்றே கேட்டிருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

முதல் வாரம் போனபோது நீல ஜீப்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. "எங்கண்ணே?" என்றேன். "வேலையில கீது" என்றார். ஸ்டார்ட்டருக்கு என்ன வேலை, கலெக்டர் ஆபீசிலா? அடுத்த முறை போனபோது முன்சக்கரம் ஒன்று இல்லை, அந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. கேட்டேன். "அதுவும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் போன் வீடியோவில் ஒருவர் கண்ணை உருட்டி உருட்டி, போர்க்களங்களில் சொந்தப் படைக்காரனே பாகங்களைக் கழற்றி விற்றுவிடுவான் என்றும், ஒரு ராணுவம் எதிரியால் அழிவதைவிட உள்ளே இருப்பவனால்தான் சீக்கிரம் அழியும் என்றும் பேசிக்கொண்டிருந்தார். அவர் யாரைப் பற்றிப் பேசினாரோ தெரியாது. என்னைப் பொறுத்தவரை அவர் புங்கமரத்தடியைப் பற்றித்தான் பேசினார்.

பிறகு பார்த்ததெல்லாம் சாட்சி. ஒருநாள் காலை மெக்கானிக் கோணிச் சாக்கில் கனமாக எதையோ சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

"எங்கண்ணே?"

"சேலம்."

"எத்துக்கு?"

"லேத்துக்கு."

இரண்டே வார்த்தை. ஒளிக்கிறவன்தான் சுருக்கமாகப் பேசுவான், நான் ஓயாமல் பேசுகிறேன், ஆகவே நான் யோக்கியன். இதுதான் அன்றைக்கு என் தர்க்கம். மற்ற மூன்று ஜீப்பும் அந்த மாதம் என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஒழுங்காக ஓடின. அதையும் அவருக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியைக் காட்டி என் கண்ணைக் கட்டுகிறார், பலே ஆள்!

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பாகத்தில் அடையாளம் வைத்துவிட்டால், அது எந்தப் பழைய இரும்புக் கடையில் போய் உட்கார்ந்தாலும் என்னுடையது என்று காட்டலாம். வீட்டு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"இன்னாங்க தேடுறீங்க?"

"உன் நெயில் பாலிஷ் எங்க? செவப்பு."

"எத்துக்கு?"

"ஒரு உளவு வேலை."

"கைக்கா, காலுக்கா?" என்று கேட்டுவிட்டு, எடுத்துக் கொடுத்தாள். "மூடிய இறுக்கி மூடுங்க, காஞ்சி போயிடும்."

மெக்கானிக் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். பட்டறைக்குக் கதவு கிடையாது. நீல ஜீப்பின் பானட்டைத் தூக்கினேன். எதற்கு வைப்பது? விலைபோகும் சரக்குக்குத்தான் திருடன் கை நீளும். ஆகவே நானே திருடனாக இருந்தால் எதையெல்லாம் எடுப்பேன் என்று யோசித்து, டைனமோ, ரேடியேட்டர், விசிறி, டீசல் பம்ப் என்று பதினோரு இடத்தில் சிவப்பாகப் பொட்டு வைத்தேன். சீக்கிரம் காய வேண்டுமே என்று குனிந்து ஒவ்வொன்றாக ஊதினேன். சாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் நின்று, ஜீப்புக்குள் தலையை விட்டு நான் ஊதுவதைப் பார்த்தார். "அடுப்பா அது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். இரண்டே வாரத்தில் பொட்டு வைத்த பாகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதுவரை வாரத்துக்கு ஒன்று போனது, இப்போது வாரத்துக்கு ஐந்தாறு. பொட்டு வைக்காதவை அப்படியே இருந்தன. ஒரு திருகாணி அசையவில்லை. ஒரு திருடனுடைய மனதை இவ்வளவு துல்லியமாகப் படித்தேனே என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு நேராக டீக்கடைக்குப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"என் ஜீப்ப கழட்டி வித்துக்கினு கீறாரு நம்ம ராணுவம்" என்றேன்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். அவர் என் வயதுக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். "யோவ் மச்சான், மெதுவா பேசு. பட்டறைக்காரனுக்கு இந்தப் பேரு வந்துச்சுன்னா அப்பால அவன் ஸ்பேனர ஆத்துல போட்டுட்டுப் போக வேண்டியதுதான். பாத்தியா நீ, விக்கறத?"

"பாக்கணுமா இன்னா? பதினோரு அடையாளம் வெச்சிக்கீறேன்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

வழக்கமாக நான் சொல்வதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை யாரும் இவ்வளவு மதித்துக் கேட்டதே இல்லை. அந்த மயக்கத்தில் கோணிச் சாக்கு, சேலம் பஸ், செங்கல் அடுக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ராணுவத்தை விட்டே எதற்காக வந்தாரோ யார் கண்டது என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

நாலு நாளில் புங்கமரத்தடி காலியாகிவிட்டது. எப்போதும் அங்கே நிற்கும் இரண்டு டிராக்டரும் ஒரு டெம்போவும் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. எனக்கு உள்ளூர ஏதோ குறுகுறுத்தது. ஆனாலும் சந்தேகம் ஒரு வசதியான சாமான், குறுகுறுப்பையும் அதற்குள்ளேயே போட்டு மூடிவிடலாம்.

அந்த வாரம் பச்சை ஜீப்பில் நானும் மலைக்குப் போனேன். ஓட்டியவர் மலைக்காரர், வெள்ளிமலைப் பக்கத்து ஊர், என்னிடம் பல வருடமாக இருக்கிறவர். மேலே இன்னும் இருபது மூட்டைக்கு மேல் சாமை கிடந்தது, வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பாதி வளைவுகள் ஏறியிருப்போம், முன்னால் குப்பென்று ஆவி கிளம்பியது. தண்ணீர் கொதித்துவிட்டது. டிரைவர் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து, பானட்டைத் தூக்கினார்.

ஆவி கலைந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்புப் பொட்டு.

ரேடியேட்டரின் மேல்விளிம்பில், கரி படிந்தும் பளபளவென்று. அதன் பின்னால் விசிறியில் ஒன்று. டைனமோவில் ஒன்று. நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

டிரைவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்க வெச்சதுதானே?"

"நான் வெச்சதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"மெக்கானிக்கு அண்ணன்தான். ராணுவத்துல அவுரு இருந்த பட்டறையில முன்னல்லாம் எத்த கழட்டலாமோ அதுக்கு செவப்பு வெச்சிக் குடுப்பாங்களாம். 'உங்க மொதலாளி கேலி பேசிக்கினு திரிஞ்சாலும் வெவரமான ஆளுயா, எத்த உருவி எத்த ஓட்டலாம்னு பாத்து பாத்து பொட்டு வெச்சிட்டுப் போயிருக்காரு, என்கிட்ட கேக்கவே வேணாம்னு வெச்சிட்டாரு'ன்னு ரொம்ப பெருமையா சொன்னாருங்க. வெள்ளையில நாலு கீது. மொட்டையில மூணு. மிச்சம் நாலும் இதுல."

பதினொன்று. இந்த முறை வகுக்க வேண்டிய அவசியம் இல்லை, கூட்டினாலே போதும்.

"சேலத்துக்கு எத்தையோ தூக்கினு போனாரே?"

"மொட்டையோட இன்ஜின் ஹெட்டுங்க. லேத்துல சீவியாந்தாரு. ஏன், உங்ககிட்ட சொல்லலியா?"

சொன்னார். இரண்டு வார்த்தையில் சொன்னார். நான் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே கோமுகி அணைத் தண்ணீர் ஒரு தகடு மாதிரி தெரிந்தது. வண்டி ஆறுவதற்கு அரைமணி நேரம் ஆனது. பொட்டு வைத்த ரேடியேட்டரில் ஒன்றும் குறையில்லை, பழைய ரப்பர் குழாய்தான் விட்டுப்போயிருந்தது. டிரைவர் அதைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினார். "மேல போனா திரும்பறப்ப தாங்காதுங்க" என்றார். மூட்டைகளை விட்டுவிட்டு அப்படியே இறங்கினோம்.

வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்தச் சொல்லி உள்ளே போனேன். அன்று இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் இருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் சொன்னது தப்பு. அவுரு ஒரு திருகாணி கூட எடுக்கல. எல்லாம் என் வண்டியிலயேதான் கீது. பொட்டு வெச்சி கழட்டச் சொன்னதே நான்தான்."

கடையே சிரித்தது. ஒருவர் டீ புரையேறி இருமினார். நான் மறுபடி சொன்னேன், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நெயில் பாலிஷ் கதையைச் சொன்னேன். அதோடு முடிந்தது, இனி நான் எதைச் சொன்னாலும் அது வேடிக்கைதான். திருடர் என்று சொன்னபோது வாயைப் பிளந்து நம்பியவர்கள், இல்லை என்று சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"சத்தியமா சொல்றேன்யா!"

"அப்ப சொன்னதும் சத்தியம், இப்ப சொல்றதும் சத்தியமா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "இன்னா, அவுரு வந்து மெரட்டினாரா?"

டீக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவுரு காதுக்குப் போய்டுச்சு மச்சான். காலையில வந்தாரு. டீ போட்டு வெச்சேன். நீ அப்படி சொன்னது நெசமா, இங்க உக்காந்துதான் சொன்னானான்னு கேட்டாரு. ஆமான்னேன். டீய தொடாம போய்ட்டாரு."

பட்டறைக்கு நடந்தே போனேன். பச்சை ஜீப்பை டிரைவர் எனக்கு முன்னாலேயே கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அங்கே வேறு வண்டியே இல்லை. செங்கல்லின் மேல் நீல ஜீப்பின் கூடு மட்டும் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் ஒரு மரப்பெட்டியின் மேல் அமர்ந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்து அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்தால் மூட்டை கட்டலாம் என்பதுபோல ஒரு அடுக்கல்.

"அண்ணே" என்றேன்.

துடைத்தார்.

வழியெல்லாம் ஒரு நகைச்சுவையைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. "நான் உன்னைய சந்தேகப்பட்டுத்தான் பொட்டு வெச்சேன். வெவரத்துல வெக்கல. நீ என்னைய வெவரமான ஆளுன்னு நெனச்சிக்கினியாம். நான் அவ்ளோ பெரிய ஆளு இல்லண்ணே."

இன்னொரு ஸ்பேனர்.

"டீக்கடையில போய் சொல்லிட்டேன், தப்புன்னு. சிரிக்கிறானுங்க. நாளைக்கு மறுபடி சொல்றேன். ஒவ்வொரு டிராக்டர்காரன் வூட்டுக்கும் நானே போய் சொல்றேன். எத்தினி நாளானாலும் சொல்றேன். நீ பட்டறைய மட்டும் மூடிடாத. மேல சாமை கெடக்குது, மழை வந்துக்கினு கீது, பச்சையில குழா போயிடுச்சு. என்னைய ரெண்டு அடி கூட அடி. ஒரு வார்த்தை திட்டிடுண்ணே, போதும்."

அவர் கடைசி ஸ்பேனரைத் துணியில் துடைத்து வரிசையில் வைத்தார். எழுந்து ஜீப்புக்குப் போய் பானட்டைத் தூக்கி, சைக்கிள் டியூப் சுற்றிய குழாயை விரலால் அழுத்திப் பார்த்தார். எப்போதும் என்னை 'நீ, வா, போ' என்று பேசுகிறவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"சாவிய வெச்சிட்டுப் போங்க."